பரஸ்தானம் போன பென்டிரைவ்

ஒரே பட்டனில் எல்லா வேலையும் முடிந்துவிடும் என்று பெருமை பேசுகிறவனை நம்பாதீர்கள். அப்படி நம்பி ஏமாந்தவர்களில் முதல் ஆள் என் அக்கா. ஏமாற்றியவன் நான். அந்தப் பட்டனை நான் அழுத்திய சனிக்கிழமைக்குப் பிறகு, எங்கள் சொந்தத்தில் யாராவது பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பினால், "பாட்டு இருக்கான்னு பாத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழியனுப்புகிறார்கள். புதிதாக வந்த மருமகள்கள் (இதுவரை இரண்டு பேர்) ஒன்றும் புரியாமல் நிற்பார்கள். அவர்களை உட்காரவைத்துக் கதை சொல்லும் பொறுப்பு என் அம்மாவுடையது. அம்மா சொன்னால் அதில் நான் முழு மடையன். நான் சொன்னால் முக்கால் மடையன். அந்தக் கால் பங்கு மரியாதைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஈப்போ குனோங் ராபாட்டில், மலையடியில் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று. நான் வீட்டிலிருந்தே கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். கேமராவுக்குத் தெரிகிற பாதியில் இஸ்திரி போட்ட சட்டை, தெரியாத பாதியில் கைலி. இது போக, சம்பளமே இல்லாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து ஓர் இயங்குதளத்தை உருவாக்கி இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதற்குள் ஏராளமான மென்பொருள்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் எழுதியிருப்பார். வேறொருவர் அதைச் சுத்தம் பார்த்து, உரிமம் பார்த்து, எந்தக் கணினியிலும் சிக்கலில்லாமல் இறங்கும்படி கட்டிக் கொடுப்பார். அந்தக் கட்டிக் கொடுக்கிற ஆட்களில் நான் ஒருவன்.

இதை அம்மாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"எவனோ சமைக்கிறான், நீ புங்குஸ் பண்ற. அதானே?"

(புங்குஸ் என்றால் எங்கள் ஊரில் பொட்டலம். நாசி லெமாக்கிலிருந்து குழம்பு வரைக்கும் எல்லாவற்றையும் புங்குஸ் பண்ணுவோம்.) இத்தனை வருடத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் அம்மாவுடன் பேசவில்லை. அம்மா அதைக் கவனிக்கவும் இல்லை.

அந்த வருடம் நான் கட்ட எடுத்துக்கொண்டது, தமிழ் உரையைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு குட்டி லைப்ரரி. லைப்ரரி என்றால் இங்கே புத்தக அலமாரி இல்லை. மற்ற மென்பொருள்கள் கூப்பிட்டு வேலை வாங்கும் ஒரு துணை மென்பொருள். 'கொக்கு' என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து: கொ, க், கு. கணினியிடம் கேட்டால் கொம்பைத் தனியாக, புள்ளியைத் தனியாகப் பிய்த்து எடுத்து ஆறு என்று சொல்லும். இந்த லைப்ரரி குறுக்கே நின்று, "அதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது, பிரிக்காதே" என்று பாடம் சொல்லும். எழுதியவர் யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர். நான் வெறும் புங்குஸ்.

இதில் என் அக்கா எங்கே வந்தாள் என்றால், அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பத்து காஜா டவுனைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம் வரும். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் மட்டும் நகரவில்லை. முதலாம் ஆண்டில் விரல்விட்டு எண்ணினால் ஒரு கை தாண்டாத பிள்ளைகள். அதிலும் இரண்டு குடும்பங்கள் பிள்ளையை டவுன் பள்ளிக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. அந்தப் பள்ளியின் கணினி அறையில் இருந்த பழைய பெட்டிகளில் ஓடுவது எங்கள் இலவச இயங்குதளம்தான். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்க அருமையான விளையாட்டு ஒன்றை அக்கா கண்டுபிடித்துவிட்டாள். அது ஓட வேண்டுமானால் நான் கட்டிக்கொண்டிருந்த இந்த லைப்ரரி வேண்டும். பள்ளிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனோ, இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வத் தொகுப்பில் இல்லாத எதையும் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தொகுப்புக்கு ஒரு கதவு உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மூடுவார்கள். மூடினால் புதிதாக எதுவும் உள்ளே போகாது, அடுத்த பதிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அக்காவின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடுவார்கள், பள்ளியில் மிச்சம் இருந்தால். அக்காவோ பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் தம்பி கொண்டு வந்துருவான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு விடாமல், கதவு மூடும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை மாலை பள்ளியில் விழாவும் ஏற்பாடு செய்துவிட்டாள். எனக்குப் பொன்னாடை. பெற்றோருக்கு மீ கோரிங் என்கிற வறுத்த நூடுல்ஸும் தேநீரும். இடையில் எங்கள் பக்கத்து வீட்டு மே லிங் ஆன்ட்டியின் குழு வழங்கும் நடனம்.

மே லிங் ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறப்பால் சீனர். பணி ஓய்வு பெற்றபின் சமூக மண்டபத்தில் பெண்களுக்கு வரிசை நடனம் சொல்லிக் கொடுக்கிறார். எல்லோரும் வரிசையாக நின்று ஒரே மாதிரி காலை வைத்துத் திரும்பும் ஆட்டம். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் ஆன்ட்டி பேசுகிற தமிழ் எங்கள் அம்மாவின் தமிழைவிட ஒரு படி காரம் அதிகம். பிறந்த இடத்தில் ஆடப் போகிறோம் என்று ஆன்ட்டிக்குத் தரையில் கால் பாவவில்லை.

விழாவுக்கு முந்திய வாரம் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் ஏதோ கேட்டார். நான் காதில் ஹெட்போனுடன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "சரி ஆன்ட்டி" என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் என்ன கேட்டார் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. நான் முக்கால் மடையன் ஆன இடம் இதுதான்.

இனி மார்த்தா. பின்லாந்துக்காரர். நான் கட்டுவதைச் சரிபார்த்து உள்ளே விடும் அதிகாரம் அவரிடம் இருந்தது. நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். ஒரு முறை வரி முடிவில் ஒரு இடைவெளி அதிகமாக இருக்கிறது என்று முழுப் பொட்டலத்தையும் திருப்பி அனுப்பியவர். அவர் எழுதியிருந்தார்: சனிக்கிழமை என் காலை நேரத்தில் அனுப்பு, அதற்கு முன் அனுப்பாதே, புதிதாக வருபவற்றுக்கு அடியில் போய்விடும். மதியம் நான் படகில் ஏரிக்கரை வீட்டுக்குப் போகிறேன். அங்கே இணையம் கிடையாது.

அவருடைய காலை என்றால் நமக்குப் பிற்பகல். நல்ல வசதிதான் என்று நினைத்துக்கொண்டு, புதன்கிழமையே பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டேன். சாப்பிடும்போது அந்தப் பெருமையில் அம்மாவிடம் வாய்விட்டேன்.

அம்மா எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார்.

"சனிக்கெழம ஒனக்குச் சந்திராஷ்டமம்டா."

"அம்மா, அனுப்பப்போறது கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டருக்கா ராசி பாக்குறேன்? ஒனக்குத்தான். வெள்ளிக்கெழமையே அனுப்பிரு."

"முடியாது. அந்தம்மா சனிக்கிழமதான் பாப்பாங்க."

"சாமான் எங்க போகுது?"

"பின்லாந்துக்கு."

அம்மா முகத்தில் தீர்வு வந்துவிட்டது. வெளிநாடு என்றதும் அது பயணக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பயணத்துக்கு அம்மாவிடம் எப்போதும் வழி உண்டு.

"அப்ப பரஸ்தானம் வெச்சிரலாம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, பயணப் பையை வீட்டைவிட்டு வெளியே எடுத்து, பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த நிமிடமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கெட்ட நாளில் வேண்டுமானாலும் பையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். என் மாமா லண்டனுக்குப் போனபோது அவருடைய பை மூன்று நாள் பக்கத்து வீட்டில் இருந்தது. (மாமா அந்த மூன்று நாளும் ஒரே சட்டையில் இருந்தார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.)

வாதாடினேன். மென்பொருளுக்குப் பையும் இல்லை, வாசலும் இல்லை என்றேன். அம்மா, "ஒங்கக்கா ஊரக் கூட்டி வெச்சிருக்கா, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். நானும் எழுந்துபோய் நாள்காட்டியில் வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில், பொட்டலத்தின் முழு ஃபோல்டரும் ஒரு பென்டிரைவில் ஏறியது. அம்மா அதற்கு மஞ்சள் பொட்டு வைத்து, புதுக் கைக்குட்டையில் சுற்றி, வெற்றிலையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் ஜன்னலில் பார்த்தேன். மே லிங் ஆன்ட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு பென்டிரைவுக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அம்மா போய் அதை வாங்கி வந்தார். நான் லேப்டாப்பைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தேன். பட்டனை அழுத்தினால் ஃபோல்டரில் இருப்பது எல்லாவற்றையும் அள்ளி, கட்டி, முத்திரை குத்தி, பின்லாந்துக்காரர் பார்க்கும் இடத்துக்கு அனுப்பிவிடும். அதை எழுதி முடித்த அன்று நான் கண்ணாடி முன் நின்று என்னையே பாராட்டிக்கொண்டேன்.

"அம்மா, இதே சாமான் லேப்டாப்லயும் இருக்கு. அதையே அனுப்பிரவா?"

"அது வீட்டவிட்டுக் கெளம்பாத சாமான். கெளம்புனதத்தான் அனுப்பணும்."

"ரெண்டும் ஒன்னுதான்மா."

"ஒன்னுன்னா இத அனுப்புறதுல ஒனக்கு என்ன சூசா?"

சூசா (சிரமம்) ஒன்றும் இல்லைதான். பென்டிரைவைச் செருகி பட்டனை அழுத்தினேன். அம்மா வாசலில் தேங்காய் உடைத்தார். கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர வேண்டிய பொட்டலம் நகரவே இல்லை. வெளியே மழை வேறு. லைன் மந்தம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா, "நல்லது மெதுவாத்தான் போகும்" என்றார். ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. நான் சட்டை மாட்டி, முதல் முறையாகக் கீழ்ப்பாதிக்கும் கால்சட்டை போட்டுக்கொண்டு, அம்மாவையும் ஆன்ட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பென்டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது.

பள்ளி மண்டபம் நிரம்பியிருந்தது. மாற்றலாமா என்று யோசித்த இரண்டு குடும்பங்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. ஆன்ட்டியின் குழுப் பெண்கள் ஒரே நிறச் சட்டையில் ஓரமாக நின்றார்கள். தலைமையாசிரியர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "நம்ம தோட்டத்துப் பிள்ளைங்களுக்காக உலக அளவுல" என்று தொடங்கி நிறையச் சொன்னார். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. நிறுத்திவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மார்த்தாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அக்காவிடம் கிசுகிசுத்தேன். அவள் கண் பளபளத்தது.

"எல்லாருக்கும் காட்டு. நான் தமிழ்ல சொல்றேன்."

படித்துப் பார்த்துவிட்டுக் காட்டியிருக்கலாம். பொன்னாடை போர்த்தியவனுக்கு அந்தப் புத்தி வராது. திரையில் மின்னஞ்சல் பெரிதாக விரிந்தது. அக்கா மைக்கைப் பிடித்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னாள்.

"'அன்புள்ள தினகரன், நீ அனுப்பியது வந்து சேர்ந்தது.'"

கைதட்டல்.

"'நான் எதிர்பார்த்ததைவிட மிகப் பெரியதாக இருந்தது.'"

பலத்த கைதட்டல். தலைமையாசிரியர் என் தோளைத் தட்டினார்.

"'திறந்து பார்த்தேன். என் கண்களை நம்ப முடியவில்லை.'"

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"'சோதனைக்கான மாதிரித் தமிழ் உரைகள் இருக்க வேண்டிய இடத்தில்...'" அக்காவின் குரல் மெதுவானது. "'நடனப் பாடல்கள் இருக்கின்றன.'"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். தலைமையாசிரியர், இதுவும் தொழில்நுட்பமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, "படிங்க டீச்சர்" என்றார். அக்கா வேறு வழியில்லாமல் படித்தாள்.

"'இவற்றின் உரிமம் யாரிடம் இருக்கிறது? நம் சோதனை இயந்திரம் இவற்றையும் தமிழ் உரை என்று நம்பி எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. இதுவரை மூன்று ழ கண்டுபிடித்துவிட்டது. மற்ற எல்லோருடைய பொட்டலங்களும் பின்னால் வரிசையில் நிற்கின்றன. கடைசிக் கோப்பில் ஒரு பெண்மணி மிகுந்த வேதனையில் கத்துகிறார். எனக்கு மொழி புரியவில்லை. அவர் நலமா?'"

ஓரத்தில் நின்ற மே லிங் ஆன்ட்டி கையைத் தூக்கினார்.

"அது நான்தான் லா. ஆடச் சொல்லிக்குடுத்தத ரெக்கார்ட் பண்ணேன். நல்லா இருக்கேன்னு சொல்லு அவங்ககிட்ட."

அதன் பிறகு எழுந்த சிரிப்பை நான் இன்னும் சில சமயம் குளிக்கும்போது கேட்கிறேன். பொன்னாடை ஒரு போர்வை அளவுக்கு இருந்திருந்தால் முழுவதும் மூடிக்கொண்டிருப்பேன். அம்மா ஆன்ட்டியிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டார்.

"பரஸ்தானம் வெச்ச சாமான்ல பாட்டயா ஏத்துன?"

"ஒம்மவன்கிட்ட போன வாரம் கேட்டேன்ல, பாட்டுக்கு ஒரு பென்டிரைவ் குடு தம்பின்னு. சரி ஆன்ட்டின்னான். நீயும் மஞ்சப் பொட்டு வெச்சுக் கொண்டாந்து குடுத்த. நம்ம டான்ஸுக்கு இவ்ளோ மரியாதயான்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. உள்ள ஒரே ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. அதுக்குள்ள இன்னொன்னு. அதுல போட்டேன். இன்னைக்கு நீ வந்து வாங்கிட்டுப் போனப்ப, தம்பியே பாட்டு போட்டுவிடப் போறான்னு நெனச்சேன்."

குற்றவாளி யார் என்பதில் சபைக்குச் சந்தேகம் இருக்கவில்லை. துணி காயப்போட்டவன்தான்.

நான் சிரிக்கவில்லை. மின்னஞ்சலின் கடைசி வரி திரையிலேயே இருந்தது: ஒரு மணி நேரத்தில் நான் கிளம்ப வேண்டும், முடிந்தால் சரிசெய்து அனுப்பு, என்ன நீக்கினாய் என்பதை மாற்றக் குறிப்பில் எழுது. அக்கா மைக்கை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் கேட்டாள்.

"முடியுமாடா?"

சின்ன வயதில் நான் மோட்டார் சைக்கிளைக் கால்வாயில் விட்டபோதும் அக்கா இதே குரலில்தான் கேட்டாள். முடியும் என்றேன். லேப்டாப்பில் இருந்த சுத்தமான பிரதியைத் திறந்தேன்.

அம்மா அருகே வந்துவிட்டார்.

"அது கெளம்பாத சாமான்னு சொன்னேன்ல."

"அம்மா, லேப்டாப் இப்ப எங்க இருக்கு? வீட்லயா இருக்கு? பத்து காஜா தாண்டி வந்துருச்சு. இது கெளம்பலன்னா வேற எது கெளம்பும்?"

அம்மா லேப்டாப்பையும் மண்டப வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். என் வாழ்க்கையில் அம்மாவுக்கு எதிராக நான் ஜெயித்த ஒரே வழக்கு அதுதான்.

"அதுவும் சரிதான்" என்றார்.

அவசரத்தில் மாற்றக் குறிப்பை எழுதினேன். ஆங்கிலம்தான். ஆனால் நேரம் ஓடும்போது மனதில் இருப்பதுதான் வரும். நான் எழுதியது இதுதான்: 'பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் நடனப் பாடல்களை நீக்கினேன். ஆன்ட்டி நலம்.'

பட்டனை அழுத்தினேன். இணையம் இல்லை. பள்ளியின் லைன் மழையில் படுத்துவிட்டது. என் கைப்பேசியிலோ ஒரே ஒரு கோடு வந்து வந்து போனது. தோட்டத்து ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. ஒரு பெற்றோர் சாதாரணமாகச் சொன்னார்.

"அண்ணே, மண்டபத்துக்கு நடுவுல நில்லுங்க. அங்கதான் சிக்னல் வரும். கைய ஒசத்திப் பிடிக்கணும்."

நடு மண்டபம் என்றால் ஆடும் இடம். ஆன்ட்டியின் குழு ஏற்கெனவே அங்கே வரிசையாக நின்றுவிட்டது. கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று தலைமையாசிரியர் நிகழ்ச்சியைத் தொடங்கச் சொல்லிவிட்டார். என் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை ஆன்ட்டியே எடுத்துக்கொண்டுபோய் ஒலிப்பெட்டியில் செருகினார். கடைசியில் அது எந்த வேலைக்கு ஆசைப்பட்டதோ அந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டு ஆரம்பித்தது.

நான் நடன வரிசையின் நடுவில், பொன்னாடையோடு, இடது கையில் லேப்டாப்பும் வலது கையில் உயர்த்திப் பிடித்த கைப்பேசியுமாக நின்றேன். வரிசை இடப்பக்கம் நகர்ந்தது. நகராமல் நின்றால் பின்னால் வருகிறவர் மோதுகிறார். நானும் இடப்பக்கம் நகர்ந்தேன். வலப்பக்கம் வந்தேன். எல்லோரும் திரும்பினார்கள். திரும்பினால் கோடு போய்விடுகிறது, திரும்பாவிட்டால் மிதிபடுகிறேன். ஆன்ட்டி பாட்டுக்கு மேலே குரல் கொடுத்தார்.

"எடது காலு தம்பி, எடது காலு. ஐயோ அது வலது."

முதலில் பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் சேர்ந்தார்கள். பிறகு தாய்மார்கள். முன்வரிசைக் குடும்பங்களில் ஒன்றின் தகப்பனார், வந்ததிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், எழுந்து வந்து என் கையிலிருந்து லேப்டாப்பை வாங்கித் தன் தலைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு ஆடினார். "எவ்ளோ போயிருக்குன்னு பாருங்கண்ணே" என்று மட்டும் அடிக்கடி கேட்டார். நான் எம்பி எம்பிப் பார்த்துச் சொன்னேன். பாதி என்றால் பாதி மண்டபம் கத்தியது. முக்கால் என்றதும் தலைமையாசிரியரும் இறங்கிவிட்டார். அக்கா சிரிப்பும் அழுகையுமாக மேடையில் நின்றாள். எனக்கு அவமானம் எந்த நேரத்தில் கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது பாட்டில் காலும் சரியாக வர ஆரம்பித்தது.

நான்காவது பாட்டு முடியும்போது பதில் வந்தது. இந்த முறை நானே முதலில் படித்தேன். பிறகுதான் மைக்கில் சொன்னேன்.

"'இப்போது சரியாக இருக்கிறது. உள்ளே விட்டுவிட்டேன். படகுக்குப் போகிறேன். ஆன்ட்டி நலம் என்று அறிந்து மகிழ்ச்சி.'"

அன்று மீ கோரிங் போதவில்லை.

விளையாட்டு பள்ளிக்கு வந்தது. அந்த இரண்டு குடும்பங்களும் பிள்ளைகளை மாற்றவில்லை. லைப்ரரியால் என்று நான் சொல்கிறேன். ஆடியதால் என்று ஆன்ட்டி சொல்கிறார். அம்மாவோ பரஸ்தானத்தைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. "சாமான் அன்னைக்கே போய்ச் சேந்துச்சா இல்லையா?" என்று கேட்கிறார். சேர்ந்தது.

மாற்றக் குறிப்பு என்பது ஒரு முறை உள்ளே போனால் அழிக்க முடியாத விஷயம். அந்த லைப்ரரி இருக்கும் கணினி எந்த நாட்டில் இருந்தாலும் சரி, தேடிப் பார்த்தால் 'ஆன்ட்டி நலம்' என்று இருக்கும். மே லிங் ஆன்ட்டிக்கு இது தெரிந்த நாளிலிருந்து அவரோடு கணினிக் கடைப் பக்கமே போக எனக்குப் பயமாக இருக்கிறது. கடைக்காரர்களைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் காட்டிக் காட்டி மகிழ்கிறார். நான் ஆடிய வீடியோவை, தலைமையாசிரியர் உபயத்தில், எல்லாத் தீபாவளிக்கும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடவிடுகிறார்கள். மார்த்தாவுக்கும் அக்கா ஒரு பிரதி அனுப்பிவிட்டாள்.

சென்ற வருடம் எங்கள் தன்னார்வலர்களின் கூட்டம் பின்லாந்தில் நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா நாள்காட்டியைப் பார்த்தார். கிளம்பும் நாள் சரியில்லை. என் பெட்டி முன்கூட்டியே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நானும் மாமாவைப் போல ஒரே சட்டையில் இருந்தேன். கிளம்பும் அன்று அதை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடிய ஓட்டத்தில் அந்தப் பாட்டுக் கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மார்த்தா விமான நிலையத்துக்கு வந்திருந்தார். நரைத்த முடி, மூக்குக் கண்ணாடி, மின்னஞ்சலில் இருக்கும் அதே கண்டிப்பு. கையைக் குலுக்கியபோது நான் என்னை அறியாமல் நிமிர்ந்து நின்றேன். அந்த ஏரிக்கரை வீட்டுக்கே அழைத்துப்போனார். அம்மா கொடுத்துவிட்ட முறுக்கை எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். துணிக்கு மேலே ஒரு கைக்குட்டைப் பொட்டலம் இருந்தது. பிரித்தால், மஞ்சள் பொட்டு வைத்த பென்டிரைவ்.

மார்த்தா அதை என் கையிலிருந்து எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஏதாவது குறை கண்டுபிடிப்பார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கொண்டுபோய்த் தன் ஒலிப்பெட்டியில் செருகினார். பாட்டுக்கு முன்னால் ஆன்ட்டியின் குரல் அந்த ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. மார்த்தா மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"முதலில் இடது கால்தானே?" என்று கேட்டார்.